நூற்றொரு தேங்காயும் ஒன்பது மீட்டரும்

ஆறு மாதம் அமெரிக்காவுக்கு யாரை அனுப்புவது? என் கணவர் குற்றாலலிங்கத்தையா, அவரோடு வேலை பார்க்கும் அனிலையா? வேலை தெரிந்தவரை அனுப்பலாம் என்று கழக்கூட்டத்துக் கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் வன்னியராஜ் அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். இரண்டாயிரத்து நாலில் திரும்பியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஞானத்தோடுதான் திரும்பினார்கள். இவருடைய ஞானம் டிஸ்க் கோல்ஃப். ஒரு கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும், அடியில் கூடை இருக்கும், தட்டை எறிந்து அதில் விழவைக்க வேண்டும். எறிகிற நிதானத்தில் ஆளை அளந்துவிடலாமாம். குடும்பத்தோடு பொன்முடி மலைக்குப் போகும் ஆபீஸ் டூரில் போட்டி, ஜெயிப்பவருக்கு அமெரிக்கா.

எனக்கு அவர் போவதில் சம்மதமில்லை. எட்டு மாதக் குழந்தையையும் என்னையும் என் மாமியார் சரஸ்வதியம்மாளையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போவது மூன்று பேருக்குமே நல்லதில்லை.

"பெரிய சான்ஸு, கேட்டியா நீலா" என்றார். கேட்டேன். வேறென்ன செய்ய?

மொட்டைமாடியில் ஸ்டூல் மேல் துணிக்கூடையை வைத்துப் பயிற்சி தொடங்கியது. கிட்ட நின்றால் குழந்தைகூடப் போட்டுவிடும். பத்து மீட்டரைத் தாண்டினால் குதித்துக்கொண்டே எறியலாம், குதிப்பதில் அவர் மன்னன். நடுவில் அந்த ஒன்பது மீட்டர்தான் பிராணனை வாங்கியது. அங்கே குதிக்கக்கூடாது. எறிந்த பிறகும் நின்ற இடத்திலேயே ஆடாமல் நின்று காட்ட வேண்டும், கால் முன்னால் போனால் எறி செல்லாது. மணிக்கட்டைச் சுழற்றி வீசினால் தட்டு கூடையைத் தாண்டி மாமியாரின் வடகத்தில் இறங்கியது. முழங்காலை மடக்கி மெல்லத் தள்ளினால் கூடைக்கு ஒரு முழம் முன்பே படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை வீச்சு, செவ்வாய்க்கிழமை தள்ளல், புதன்கிழமை இரண்டும் கலந்து. கம்ப்யூட்டரில் சதவீதம் வேறு போட்டுவைத்தார்.

"ஏதாவது ஒண்ண மட்டும் பழகுங்களேன்" என்றேன்.

"நீ சும்ம இரி. இது டெக்னிக்காக்கும்."

டெக்னிக் கைவிட்டதும் பழவங்காடிப் பிள்ளையார் ஞாபகம் வந்தார். ஊரில் எல்லோரும் காரியம் நடந்த பிறகு தேங்காய் உடைப்பார்கள். இவர் போட்டிக்கு முந்தின நாளே நூற்றொன்றையும் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார். ஓங்கி எறிவார், ஓரடி முன்னால் வைத்து எட்டிப்பார்ப்பார், உடைந்திருந்தால் அடுத்ததை எடுப்பார். நூற்றொரு தடவை. பக்கத்தில் நின்று நானும் ஒன்று நேர்ந்துகொண்டேன். என்னவென்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் பொன்முடியில் அவர் வலது தோள் ஆப்பத்தைப் பிய்க்கவே மறுத்தது. எப்படியோ கடைசிக் கூடைவரை அனிலுக்குச் சமமாக வந்துவிட்டார். இனி ஒரே எறி. விழுந்தால் இவர், விழாவிட்டால் அனில். வன்னியராஜ் டேப் பிடித்து அளந்தார். ஒன்பது மீட்டர். வேறு எவ்வளவு இருக்கும்?

மூன்று வாரம் கம்ப்யூட்டர் முடிவு செய்யாததைத் தோள் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தது. வீச முடியாது, ஆகவே தள்ளல். முழங்காலை மடக்கி, உடம்பால் தட்டை மெல்லத் தள்ளினார். அது மிதந்துபோய்ச் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டினேன். பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். உடைந்ததா என்று பார்க்க அது ஓரடி முன்னால் போயிருந்தது.

"கால் போயிட்டு. செல்லாது, திரும்ப எறியும்" என்றார் வன்னியராஜ்.

"சாரே, அது போட்டே. கூடையில வீணல்லோ" என்று மலையாளத்தில் விட்டுக்கொடுத்தான் அனில்; போகட்டும், கூடையில் விழுந்துவிட்டதே என்று. அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது தடவை கால் ஆணியடித்த மாதிரி நின்றது. தட்டுதான் போய்ச் சேரவில்லை.

மலை இறங்கும்போது கல்லாற்றில் டீக்காக வண்டி நின்றது. அவர் டீயைத் தொடவில்லை.

"நூத்தியொண்ணு உடைச்சேன் நீலா. ஒண்ணுகூடவா அவருக்குப் போய்ச் சேரல?"

"சேந்திருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் எழுமுன் பழவங்காடிக்குப் போனேன். அவர் போகக்கூடாது என்று நேர்ந்த என்னுடைய ஒரே ஒரு தேங்காயை எறிந்துவிட்டு, உடைந்ததா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.