சந்தியில் ஒரு கார்தான் ஓடியது

1.

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அட்டவணை பிழையானது. அதை எழுதியவள் நான். மூன்று வசனங்களிலேயே முழுவதையும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆனாலும் மாலை வகுப்புக் கொப்பியில் பதினொரு பக்கம் மிச்சம் இருப்பதால் தொடர்கிறேன்.

பகலில் நான் கிராமசபைக் கந்தோரில் தற்காலிக எழுதுவினைஞர். மாலையில் படவரைதல் வகுப்பு. வருடம் 1972. இடம், யாழ்ப்பாணத்தில் நெல்லியடிக்குப் போகிற வழியில் ஒரு சந்தி. (பெயர் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரிந்த சந்தி என்று நினைத்தால், அது இல்லை.)

2.

முதல் தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களால் சந்தியைத் தழுவிய அந்த...'

இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தழுவவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'சந்தியின் மூலையில் எழுபத்திரண்டு அடி நீளமும் முப்பது அடி அகலமும் கொண்ட நிலத்தில் ஆறு வாடகைக் கார்கள் நிற்கின்றன.'

இதுதான் எனக்கு வரும் நடை. இருக்கட்டும்.

அந்த நிலத்தில் கூரை போட்ட கடைகள் கட்டச் சபைக்கு ஆசை. ஒரு கார் நிற்கிற இடத்தில் இரண்டு கடை எழுப்பலாம். எத்தனை காருக்கு இடம் விடுவது? தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்காப் போய் எண்ணிக்கொண்டு வாரும். ஓடுற காருக்கு இடம் விடுவம். சும்மா நிக்கிறதுக்கு ஏன் நிலம்?"

3.

எண்ணினேன். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. சந்தி அமைதியாக இருந்தது. தாளில் கோடுகள் அழகாக விழுந்தன.* ஐந்து கார்கள் அசையவே இல்லை. சிமியோனின் மொறிஸ் மைனர் மட்டும் நான்கு தரம் போய் வந்தது.

முடிவு: தேவையான இடம், ஒன்று. கட்டக்கூடிய கடை, பத்து. அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்தேன். இரண்டாவது கோடு தேவையில்லை. சந்தோஷத்தில் இழுத்தது.

(* அன்று அம்மா என்னைப் பத்து மணிக்கே வீட்டிலிருந்து விரட்டினா. "நேரத்தோடை வெளிக்கிடு, பிறகு ராகுகாலம் வந்திடும்." வெளிக்கிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.)

4.

செவ்வாய்க்கிழமை, கணக்கைக் கேள்விப்பட்டுத் தில்லைநாதன் கந்தோருக்கு வந்தார். சந்தியில் பத்தொன்பது வருடமாக ஒஸ்டின் கார் வைத்திருப்பவர். (அவருக்கு அடர்ந்த மீசை வைத்தேன், வெட்டிவிட்டேன். மீசை இல்லாமலே கோபம் தெரிகிறது.)

"தங்கச்சி, எந்த நேரம் எண்ணினனீர்?"

"வெள்ளிக்கிழமை பத்தரையிலையிருந்து பன்ரெண்டு மட்டும்."

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"நீர் எங்கடை சனம்தானே? ராகுகாலத்திலை ஆர் பிள்ளை பயணம் வெளிக்கிடுவினம்?"

"சிமியோன் அண்ணை ஓடினவர்."

"உவன் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன்! உவனுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை!"

வாசலில் நின்ற சிமியோன் தலையைச் சொறிந்தார். "அண்ணை, சத்தியமா நான் வேணுமெண்டு ஓடேல்லை. சனம் ஏறினது, ஓடினன்."

"ஓடு, ஓடு. இனிச் சந்தி முழுக்க உனக்குத்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, குரல் தணிந்து, "வீட்டு வளவுக்கை நிக்கிற காரை ஆர் தங்கச்சி தேடி வருவினம்? இந்த இடம் போனால் நான் காரை வித்துப்போட்டு வீட்டிலை இருக்கவேண்டியதுதான்."

5.

அடுத்த வெள்ளி, பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை திரும்பவும் எண்ணினேன்.

பன்னிரண்டு அடித்தது. (இங்கே ஓர் உவமை வேண்டும். 'மடை திறந்த...' வேண்டாம், எல்லாரும் திறந்துவிட்டார்கள்.) ராகுகாலம் முடியக் காத்திருந்த ஊர் முழுவதும் ஒரே நிமிடத்தில் வெளிக்கிட்டது! பெண் பார்க்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், புகையிலை வண்டி மூன்று, சைக்கிள் பதினேழு, சைக்கிளின் பின்னால் கட்டிய ஆடு ஒன்று. ஐந்து கார்களும் ஒன்றாக மூக்கை நீட்டி ஒன்றும் நகர முடியாமல் ஹோண் அடித்தன. ஆடு என் அட்டவணையின் ஓரத்தைத் தின்றது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஐந்து கார்களும் ஓடின. ஒன்று ஓடவில்லை. சிமியோன் சாப்பிட்டுவிட்டுக் காருக்குள் நித்திரை.

முடிவு: தேவையான இடம், ஐந்து. கடை, இரண்டு.

6.

இந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன். கமலாவதி அக்கா விடவில்லை. அவ சந்தியோரம் நாலு தடியில் சாக்குக் கட்டிக் கத்தரிக்காய் விற்பவ. கடை கேட்டுச் சபைக்கு எழுதியவர்களின் பட்டியலில் மூன்றாவது பெயர் அவவுடையது.

"முதல் கணக்கு நல்ல கணக்கு, தங்கச்சி. அதை ஏன் கெடுக்கிறீர்?"

"அது ராகுகாலத்துக் கணக்கு, அக்கா."

"வெயில் எனக்கு ராகுகாலம் பார்த்தே எறிக்குது?"

 

7.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ) ஒரு கார். கமலாவதி அக்காவுக்குக் கூரை. தில்லைநாதன் அண்ணை காரை விற்கிறார்.

ஆ) ஐந்து கார். பட்டியலில் முதல் இரண்டு பேருக்குக் கடை. மூன்றாவது பெயருக்குச் சாக்கு.

இ) சராசரி, மூன்று. அருமையான எண்! எந்த மூன்று கார்? படவரைதல் வகுப்பில் அதற்குப் பாடம் இல்லை.

8.

சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "முதல் எண்ணினது என்ரை பிழை. நேரம் பார்க்காமல் எண்ணினனான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிழை ஆருக்கும் வரும். அப்ப எத்தனை எண்டு போடுறது, பிள்ளை?"

யன்னலுக்கு வெளியே தில்லைநாதன். வாசலில் கமலாவதி, கூடை இடுப்பில். இருவரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் சொன்ன எண்ணை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதை ஒரு நிமிடத்தில் சரி பிழை பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுவீர்கள். நான் ஏழு இரவு நித்திரை கொள்ளவில்லை. ஆகவே என் இடத்துக்கு வாருங்கள். இதோ பேனை.

கார்களுக்கு இடம்: ______

எழுதியாயிற்றா? இனி அதைச் சத்தமாக வாசியுங்கள். தலைவரைப் பார்த்து அல்ல. அந்த இருவரையும் பார்த்து.