நாலு ஸ்லாட் போர்டு

அண்ணா அவர்களுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் விவரம்: விசிறிக்கு நேர் கீழே, மேசையின் தலைப்பக்க நாற்காலியில் நீங்கள். உங்கள் வலப்பக்கம், பிரிட்ஜை ஒட்டிய முக்காலியில் அண்ணி. வாசல் பக்கம், விருந்தாளிக்கென்று மாடியிலிருந்து இறக்கிய மெத்தை நாற்காலியில் உங்கள் நண்பர், கம்ப்யூட்டர் கடைக்காரர். அவர் இல்லாதபோது நாம் எல்லோரும் டிஸ்கவுன்ட் என்று சொல்கிறவர். சோபாவில் அப்பா, காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. எனக்கு நாற்காலி மிஞ்சவில்லை. பழைய பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தேன். கூட்டம் என்னுடைய கம்ப்யூட்டருக்காக.

நீங்களும் அங்கே இருந்தீர்கள்தான். ஆனால் நீங்கள் போனில் மாமாவிடம் சொன்ன கதையைக் கேட்டால், இருந்தீர்களா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. "அவ ஏதோ மட்டமான போர்டை வாங்கி மெஷினையே எரிச்சுட்டா" என்றீர்களாம். மாமா என்னைக் கூப்பிட்டு, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெஷினை மாடியில் அவனிடமே கொடுத்துவிடு என்கிறார். நான் வாயைத் திறந்தால் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நேரில் 'நீ' என்பவள் தாளில் 'நீங்கள்' என்கிறேனே என்று மகிழ வேண்டாம். மரியாதை கூடவில்லை, தூரம்தான் கூடியிருக்கிறது.

முதலில் எதற்காக அந்த மெஷின் என்பது. ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து சாயந்திரம் வரை நின்றே வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வரும்போது செருப்பு வார் காலில் பதிந்திருக்கும். ஸ்டூடியோக்காரம்மா என்னிடம், "சொந்த மெஷின் இருந்தா வீட்ல உட்கார்ந்தே கல்யாண ஆல்பம் செஞ்சு குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள சாம்பிளுக்கு ஒண்ணு. பிடிச்சா மாசாமாசம் வேலை. இல்லைன்னா எனக்கு வேற ஆள் இருக்கு" என்றார். அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு எல்லாமும். இதை அன்று மேசையில் முதல் வார்த்தையாகவே சொன்னேன். நீங்கள் பல் குத்திக்கொண்டிருந்தீர்கள்.

ஆல்பம் வேலைக்கு ரேம் நிறைய வேண்டும். எனக்கு இப்போது வாங்க முடிந்தது இரண்டு ரேம். மீதியைச் சம்பாதித்துப் போட வேண்டும். அதற்காகத்தான் ரேம் சொருக நாலு ஸ்லாட் உள்ள மதர்போர்டைத் தேர்ந்தெடுத்தேன். மின்சாரம் ஏறும் இடத்தில் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு இருக்கிறதா, என் ப்ராசஸர் அதில் உட்காருமா, என் சின்ன கேபினட்டுக்குள் அடங்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மானிட்டரைப் பழையதாக வாங்கி, ஸ்பீக்கரே வேண்டாம் என்று விட்டு, அந்தக் காசைப் போர்டில் போட்டேன். உங்கள் நண்பர் கடையில் கிடைக்கவில்லை. வேறு கடையில் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். என் குற்றம் அதுதான், இல்லையா?

"போர்டுல என்ன இருக்கு? எல்லாத்தையும் சொருகுற பலகை. அதுக்குப் போயி இவ்வளவா?" என்றீர்கள்.

டிஸ்கவுன்ட் தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "தங்கச்சிம்மா, இதைப் பாருங்க. ஏழு கலர்ல விளக்கு எரியும். உங்களுக்குன்னா டிஸ்கவுன்ட் வேற."

"இதுல ரேமுக்கு ரெண்டு ஸ்லாட்தான இருக்கு?"

"ரெண்டு கையால நாலு வேலை பாக்குறதில்லையா? அந்த மாதிரிதாம்மா."

"என் கேபினட் நாலு பக்கமும் தகரம். உள்ள எரியுற விளக்கை யாரு பாக்கப்போறா, கரப்பான்பூச்சியா?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். "நாலு எழுத்து படிச்சுட்டா நாக்கு நாலு முழம் நீளுது பாரு. ஜெராக்ஸ் எடுக்குறவ மதர்போர்டைப் பத்தி எனக்குச் சொல்ற. இந்த வீட்ல டிவியை மாட்டினது யாரு? மிக்ஸியைப் பிரிச்சது யாரு?"

"பிரிச்சது நீதான். சேர்த்தது யாருன்னு சொல்லு."

அந்த மிக்ஸி இன்னும் பரணில் ஒரு துணிமூட்டையாக இருக்கிறது என்பதை மாமாவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கடைசியில் அப்பா காது மெஷினை மாட்டிக்கொண்டு, "அவ காசு, அவ வாங்கட்டும். சாப்பாடு எப்போ?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கழற்றிவிட்டார். நீங்கள் எழுந்து, "சரி. இருக்கட்டும். ஆனா இந்த வீட்டுக்குள்ள எது வந்தாலும் முதல்ல கை வைக்கிறது நான்தான். நான்தான் மாட்டுவேன்" என்றீர்கள். இந்த இடத்தில் நான் ஒத்துக்கொண்டேன். சண்டை வளர வளர வெள்ளிக்கிழமை கிட்டே வருகிறதே என்ற பயம்.

மாட்டினீர்கள். நான் டார்ச் பிடித்தேன். போர்டைக் கேபினட்டில் திருகினீர்கள், ப்ராசஸரை வைத்தீர்கள், அதன் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவினீர்கள். ப்ராசஸரின் சூட்டை இறக்கும் விசிறிக்கட்டி, அந்தக் கூலரை எடுக்கும்போது மட்டும் என்னை, "போய்த் தண்ணி கொண்டா" என்று அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது கூலரை வைத்துத் திருகி முடித்திருந்தீர்கள்.

மெஷின் ஓடியது. மானிட்டரில் படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. உங்கள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை உங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

"சொன்னேனா இல்லையா? போர்டு சரியில்ல."

"இந்த போர்டு அந்த ப்ராசஸரைத் தாங்காதும்மா" என்றார் டிஸ்கவுன்ட். "நம்ம போர்டைப் போட்டா பறக்கும்."

வேண்டாம், ஏன் அணைகிறது என்று நான் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்த சமயம், என் அறைக்குள் நுழைந்து, என் மெஷினைத் திறந்து, என் போர்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, விளக்குப் போர்டை மாட்டியிருக்கிறீர்கள். கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. நான் வந்து மெஷினைப் போட்டால், தகர இடுக்கில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் பொட்டென்று அணைந்தது. நீங்கள் படியிலிருந்தே சொன்னீர்கள்: "உன் போர்டு ப்ராசஸரையே தின்னுடுச்சு." அன்று ராத்திரியே மாமாவுக்குப் போன் போட்டுவிட்டீர்கள்.

இரண்டு போர்டிலும் ஒரே வியாதி என்றால் வியாதி போர்டில் இல்லை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அடுத்த நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூலரைக் கழற்றினேன். அடிப்பக்கம், ப்ராசஸரைத் தொட வேண்டிய அந்தப் பளபளப்பான உலோகத்தின் மேல், பிளாஸ்டிக் பிலிம் அப்படியே இருந்தது. பேஸ்டெல்லாம் பிலிமின் மேல். சூடு இறங்க வழியில்லை.

வேறு எந்த வீட்டிலாவது இருந்தால் இதை அவசரம் என்பேன், மறதி என்பேன். நம் வீட்டில் பிரிட்ஜ் கதவின் பிலிம் மஞ்சளாகிச் சுருங்கிக் கிடக்கிறது. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எடை பார்க்கும் மெஷினில் பிலிமோடுதான் ஏறுகிறோம். காரின் சீட்டில் உட்கார்ந்தால் அதன் கவர் தொடையில் ஒட்டிக்கொண்டு உரிகிறது. எதையும் உரிக்கக்கூடாது, உரித்தால் பழசாகிவிடும் என்பது உங்கள் சட்டம்.

கூலரை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்து உங்களிடம் காட்டினேன். ஞாபகம் இருக்கும்.

"ரெண்டு தடவை மாட்டியிருக்க. ரெண்டு தடவையும் இது கண்ணுல படலையா?"

"ஏன் படல, பார்த்தேன். கீறல் விழக்கூடாதுன்னு நான்தான் விட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

"உள்ள திருகி மூடப்போற சாமானுக்குக் கீறலா?"

"உரிச்சா அப்புறம் அது புதுசா?"

அப்போது அண்ணி துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "அதுல 'மாட்டும் முன் எடுத்துவிடவும்'னு எழுதியிருக்கு. நான் அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்தவ ஏன் சொல்லல?" என்று கத்தினீர்கள்.

"என்னை யாரு கேட்டா?"

நீங்கள் ரிமோட்டை எடுத்தீர்கள். டிவி சத்தம் கூடியது.

பிலிமை உரித்து, துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி மாட்டினேன். அணையாமல் ஓடியது. ஆனால் என் போர்டு என்னிடம் இல்லையே. மாட்டியிருந்த விளக்குப் போர்டில் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிவிட்டன. இன்று ஒரு சாம்பிளை ஒப்பேற்றலாம், நாளைக்கு வேலை பெருகினால் ரேம் போட இடமில்லை. டிஸ்கவுன்ட் கடைக்குப் போனேன்.

"அது டிஃபெக்ட் பீஸும்மா. கம்பெனிக்கு அனுப்பியாச்சு" என்றார்.

அவர் பில் போடும் மெஷினின் பக்கத் தகடு திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன். போர்டின் மேல் ஒட்டியிருந்த எண்ணும், நான் கையோடு கொண்டுபோயிருந்த காலிப் பெட்டியின் எண்ணும் ஒன்று.

"கம்பெனி ரொம்பப் பக்கத்துலயே இருக்கு போல."

"டெஸ்டிங்குக்குப் போட்டதும்மா."

"என் ப்ராசஸரைத் தாங்காதது உங்க பில்லை மட்டும் தாங்குதா?"

"உங்க அண்ணன் குடுத்தாரு. அவர் வந்து கேட்கட்டும். பொம்பளைப் புள்ளைகிட்ட எனக்கென்ன பேச்சு?"

சரி என்று கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் போர்டு கேட்டு வந்தார். டிஸ்கவுன்ட் விளக்குப் போர்டை எடுத்து வைத்தார். "சார், உங்க கேபினட் தகரமா, கண்ணாடியா?" என்று நான் கேட்டேன். தகரம் என்றார். "அப்ப விளக்கு யாருக்கு? பின்னாடி ரேம் போட ஸ்லாட் எத்தனைன்னு கேட்டுக்குங்க." அவர் கேட்டார். கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஓர் அம்மா பிள்ளையின் படிப்புக்கென்று வந்தார். அவரிடமும் சொன்னேன். அவரும் போய்விட்டார். மூன்றாவது ஆள் படியில் கால் வைத்தபோது டிஸ்கவுன்ட் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

"அண்ணன் தங்கச்சி சண்டையில என் பிழைப்பைக் கெடுக்காதம்மா."

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்ல. அதையும் சேர்த்துக் கழற்றிடுங்க."

அன்றைக்கே என் போர்டை நானே மாட்டினேன். வியாழக்கிழமை ஆல்பம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டூடியோக்காரம்மா பக்கம் பக்கமாகத் திருப்பினார். மணப்பெண்ணின் தோளில் யாரோ ஒருவர் கை வெட்டுப்பட்டு நின்றதை மட்டும் சரி செய்யச் சொன்னார். அடுத்த இரண்டு ஆல்பத்துக்குப் படங்களைக் கொடுத்துவிட்டார். ஜெராக்ஸ் கடையில் இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அது தெரிந்த சாயந்திரம்தான் நீங்கள் இறங்கி வந்தீர்கள். பாராட்ட வருகிறீர்கள் என்று அப்பா நினைத்துக் காது மெஷினைக்கூட மாட்டிக்கொண்டார். நீங்கள் சொன்னது: "ஓடுதுல்ல? அப்ப அது வீட்டு கம்ப்யூட்டர். மாடியில ஹால்ல வெச்சுடலாம். உனக்கு வேணும்னா மேல வந்து பண்ணு." அப்பாவும், "விட்டுக் குடுத்துப் போம்மா, கூடப் பொறந்தவன்" என்கிறார். மாமாவும் அதையேதான் சொல்கிறார். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பதில்: மாட்டேன். அது வீட்டு கம்ப்யூட்டர் இல்லை. நான் தேர்ந்தெடுத்து, நான் மாட்டி, நான் சோறு சம்பாதிக்கும் மெஷின். என் அறைக்குப் பூட்டு வாங்கிவிட்டேன். சாவி ஒன்றுதான், அது என்னிடம். விளக்குப் போர்டைப் பெட்டியில் போட்டு டிஸ்கவுன்டிடமே கொடுத்துவிட்டேன், அவர் உங்களிடம் கணக்குப் பார்த்துக்கொள்வார். மாமாவிடம் நடந்ததை நீங்களாகச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அதனால் இதன் நகல் அவருக்கும் போகிறது. நகல் எடுப்பதில் எனக்கு அனுபவம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

பதில் எழுத வேண்டியதில்லை. எழுதினால் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை.

எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பிலிமைப் பற்றி அண்ணி சொன்ன இடத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அவருக்குத்தான் திட்டு விழும். அவரிடமே கேட்டபோது, "இருக்கட்டும், எழுது" என்றார். இரண்டு உறையையும் ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனேன்.

பதிவுத் தபால் ஜன்னலில் இருந்த பெண் மாமாவின் உறையை எடை போட்டு வைத்துவிட்டு, மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அனுப்புறதும் வாங்குறதும் ஒரே அட்ரஸா இருக்கே, தப்பா எழுதிட்டீங்களா?"

"சரியாத்தான் இருக்கு. அவர் மாடி, நான் கீழ."

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முத்திரை குத்தி, கடிதத்தைப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போட்டாள்.