இருந்தது இருந்தபடி

வீட்டைப் பார்க்கப் போன அன்றே அம்சத்துக்குக் குமட்டியது. முன்பக்கம் என்னவோ நல்ல ஓட்டு வீடுதான். கொல்லைக் கதவைத் தள்ளினால் அழுகல் நாற்றம். நாயுருவியும் எருக்கும் ஆள் உயரம். காட்டாமணக்குப் புதருக்குள் என்ன செத்துக் கிடக்கிறதோ, ஈ மொய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். சீழும் ரத்தமும் பழகிய மூக்கே புடவைத் தலைப்பைத் தேடியது.

ஆனாலும் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. குத்தாலத்தில் எட்டு மாதமாக வீடு தேடுகிறார்கள். அவளுக்கு அரசாங்க வேலை, புருஷன் வைரக்கண்ணு பஞ்சாயத்துப் பள்ளி வாத்தியார். அதெல்லாம் சரி, சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருப் பெயரைச் சொன்னதும் நேற்றுவரை காலியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று மாப்பிள்ளை வீட்டார் குடிவந்துவிடுவார்கள். ஆட்சி மாறி ஐந்தாறு வருஷமாக மேடைக்கு மேடை சமத்துவம் பேசிய ஊர்தான் அது.

வீட்டுக்காரர் ரெங்கசாமி மட்டும் தெருப் பெயரைக் கேட்டும் கொடுத்தார். பழைய மிராசுதார், ஆட்சி மாறிய மறுவாரமே வாசலில் இரண்டு வர்ணக் கொடி கட்டிக்கொண்டவர். பாம்புக்குப் பயந்து அந்த வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். சாவியைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு. காலி பண்றப்ப, எடுத்தப்ப இருந்தது இருந்தபடி ஒப்படைக்கணும். ஒரு ஓடு கொறையக் கூடாது, ஒரு ஆணி கூடக் கூடாது."

குடிவந்த பத்தாம் நாள் காலையில் கட்டுவிரியன் ஒன்று அடுப்படிக்கே வந்துவிட்டது. ஒன்பது மாதக் குழந்தை செவ்வந்தி அதற்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். பாம்பை அடித்துப் போட்டுவிட்டு அம்சம் குழந்தையை வாரி எடுத்தாள். கொல்லையைச் சுத்தம் செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

ஆள் வைக்க வசதியில்லை. மண்வெட்டியையும் அரிவாளையும் கொல்லைக்கு அடுத்த வீட்டுச் சைத்தூன் பீவி வேலிக்கு மேலே நீட்டினாள். அவள் புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தான். பெரிய வீட்டில் அவளும் கோழிகளும்தான்.

"ஒத்தைப் பொம்பளையா இதுல எறங்குறியே அம்சம். கையில துணியச் சுத்திக்க புள்ள" என்றாள்.

புதரை வெட்டியது பெரிதில்லை. அடியில் கிடந்ததுதான் அம்சத்தைச் சாகடித்தது. ரெங்கசாமி குடும்பம் அந்த வீட்டில் குடியிருந்த நாளெல்லாம் கொட்டிய குப்பை. மூத்திரம் ஊறிய மெத்தைப் பஞ்சு, தீட்டுத் துணி மூட்டை, உடைந்த மலச்சட்டி, முடிக் கற்றை, பூரான் நெளியும் மருந்து பாட்டில்கள். பண்ணையாட்கள் வந்து அள்ளுவார்கள் என்று கொட்டியிருக்கிறார்கள். அவர்கள் வராமல் போனதும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வேறு யார் அள்ளுவது? அள்ளுவதற்கென்று பிறந்தவர்கள் மிராசுதார் வீட்டார் இல்லையே. ஒவ்வொரு கூடைக்கும் அம்சத்துக்கு எரிச்சல் பொங்கியது. வாடகையும் கொடுத்து இவன் வீட்டுப் பீச்சட்டியையும் சுமக்கிறேனே என்று வாய்விட்டே திட்டினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. மூலையில் இடுப்பளவு குழி வெட்டி அத்தனையையும் புதைத்து மூடினாள்.

பிறகு கொல்லைக்கு முகம் வந்தது. வெட்டிப் போட்ட கருவைக் கொம்புகளே பந்தல் கால். கோரையைத் திரித்துக் கயிறு. அவரை விதை, புடலை விதை, வாழைக்கன்று எல்லாம் சைத்தூன் பீவி கொடுத்தது. ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்ட மருந்து பாட்டில்களைக் கழுவிக் கொண்டுவந்து, தலைகீழாய் வரிசையாகப் புதைத்துப் பாத்திக்குக் கரை கட்டினாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. பூச்சிக்கு அடுப்புச் சாம்பல். குப்பைக் குழியின் மேல் போட்ட பரங்கி பேய்த்தனமாகப் படர்ந்தது. ஐந்தாம் மாதம் அவரை ஊதாவாகப் பூத்து, புடலை வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கியபோது, செவ்வந்தி அந்தப் பந்தலடியில்தான் நடை பழகினாள். அம்சத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. குத்தாலத்தில் தனக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டதென்று நினைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ரெங்கசாமி சந்து வழியாக வந்து எட்டிப் பார்த்தார். பாம்பைப் பார்த்தவர் போல முகம் வெளுத்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"குப்பையா கெடந்துச்சுங்க. கொழந்தை இருக்கிற வீடு. சுத்தம் பண்ணி நாலு விதை போட்டேன்" என்றாள் அம்சம்.

"கெடந்தா கெடக்கட்டும்! எனக்கு அது காடா கெடந்தாத்தான் நல்லது. பயிர் வச்சா அது சாகுபடி. சாகுபடி பண்ணினவன் பேருல பதிவுன்னு சட்டம் போட்டுட்டானுங்க. கொடிக்கால் பக்கம் ரெண்டு வேலி நெலத்துக்கு, பதிமூணு ஏக்கரு, உழுதவன் எம் மேலயே மனு குடுத்துட்டான்."

வைரக்கண்ணு பள்ளிக்கூடத்துக் குரலில் விளக்கினான். "அது வயலுக்குத்தாங்க. வாடகை வீட்டுக் கொல்லைக்கெல்லாம் பதிவு கிடையாதுங்க."

"இன்னைக்குக் கிடையாது. நாளைக்கு ஒண்ணு போடுவானுங்க. நீ அவரைக்காயக் காட்டி அனுபோக பாத்தியதைன்னு நிப்பே. எனக்குத் தெரியாதா உங்களை!"

அதோடு போகவில்லை. மறுநாளே ஒரு காகிதம் வந்தது. அம்சம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அது மேசையில் இருந்தது. சாட்சிக் கையெழுத்தை வைரக்கண்ணு போட்டுவிட்டிருந்தான். அவளுக்கு மட்டும் இடம் காலி. நின்றபடியே படித்தாள்.

'தங்கள் பண்ணையாளாகிய அம்சம் என்னும் நான், தங்கள் கொல்லையில் தங்கள் சொற்படி கூலிக்குத் தோட்ட வேலை செய்து வருகிறேன். இதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.'

"ஒரு கையெழுத்துதானே அம்சம். போடலேன்னா ஞாயித்துக்கிழமை காலி பண்ணணுமாம். மறுபடி எட்டு மாசம் அலைய முடியுமா? தோட்டமாவது மிஞ்சும்" என்றான் வைரக்கண்ணு.

அவளுக்கு அந்தக் காகிதத்தைவிட அவன் குரல்தான் அருவருப்பாக இருந்தது.

"எங்கப்பா வீரையன் இதே மாதிரி ஒண்ணுலதான் கைநாட்டு வச்சாரு. பதினஞ்சு வருஷம் உழுத நெலம். தாசில்தார் விசாரணையில அந்தக் காகிதத்த நீட்டித்தான் நெலத்தைப் புடுங்கிக்கிட்டாங்க. அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்க படிச்சிட்டுத்தானே போட்டீங்க?"

 வைரக்கண்ணு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சைத்தூன் பீவியிடம் வேலியோரம் விஷயத்தைச் சொன்னாள். பீவி கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டே, "நெல் வைக்கிற உள்ளறை ஒண்ணு சும்மா கெடக்கு. சன்னல் கெடையாது, மழைக்கு ஒழுகும். வேற எடம் கெடைக்கிற மட்டும் இருங்களேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்சம் பந்தலை அறுத்தாள். பூவும் பிஞ்சுமாக அவரைக்கொடி தரையில் விழுந்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அறுத்தாள். பாட்டில்களைப் பிடுங்கினாள். பிறகு பரங்கிக் கொடியை இழுத்தெறிந்துவிட்டுக் குழியைத் தோண்டினாள். ஐந்து மாதம் மண்ணுக்குள் ஊறிய குப்பை, கறுப்புக் கூழாகப் பொங்கிக்கொண்டு வந்தது. முதல் கூடையிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கூடையை நிரப்பினாள். மெத்தைப் பஞ்சு கிடந்த இடத்தில் மெத்தைப் பஞ்சு. தீட்டுத் துணி கிடந்த இடத்தில் தீட்டுத் துணி. வாசற்படியில் நின்றுகொண்டிருந்த வைரக்கண்ணு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து மறு கூடையை எடுத்தான். 

பத்து மணிக்கெல்லாம் சாமான்கள் முன்வாசல் கைவண்டியில் ஏறிவிட்டன. ரெங்கசாமி வழக்கம்போல் கொல்லைச் சந்து வழியாக வந்தார். அம்சம் அவர் முகத்தையே பார்த்தாள். மூக்கைப் பொத்துவார், கூசிப்போவார், அவர் வீட்டு அசிங்கத்தை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றுதான் அத்தனையும் செய்தாள்.

ரெங்கசாமி மூக்கைப் பொத்தவில்லை. இங்கும் அங்கும் பார்த்தார். ஒரு செடியும் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் என் கொல்லை மாதிரி இருக்கு! இது போதும்மா, கையெழுத்தே வேணாம். இப்படியே வச்சிக்கிட்டு எத்தனை வருஷம் வேணா இருங்க."

கணுக்கால் வரை கூழில் நின்றுகொண்டு அந்த மனிதர் சிரித்தார். குழியைத் தோண்டியபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் அப்போது அம்சத்துக்கு வந்தது. இதைவிட நாற்றமான ஒன்றை அவள் ஆஸ்பத்திரியிலும் கண்டதில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, மெத்தைப் பஞ்சுக் குவியலுக்கு நடுவில் வீசினாள். அது 'சளக்'கென்று உள்ளே போயிற்று.

"ஏய், என்ன இது! எடுத்துக் கையில குடு!"

"இருந்தது இருந்தபடி ஒப்படைச்சாச்சுங்க. உங்க கொல்லை, உங்க குப்பை. இதில எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லைங்க."

ரெங்கசாமி, "யார்ரா அங்க?" என்று சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். யாரும் வரவில்லை. இன்னொரு தரமும் கூப்பிட்டுப் பார்த்தார்.

சைத்தூன் பீவியின் வாசலில் வைரக்கண்ணு வண்டியை நிறுத்தியபோது, அம்சம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள். ரெங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.