வேலியோரம் விழுந்த மேப்பிள்

"இது சர்க்கரை மேப்பிள்தானே, அன்செல்ம்?"

"வேற என்னவாம்? முப்பத்தோரு வருஷம் என்கூட இந்தத் தோப்புல குடித்தனம் பண்ணிட்டுக் கேக்குற கேள்வியா இது? பாகை மட்டும் நல்லா வழிச்சுத் தின்னு."

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா இருக்கிற கையால அந்தக் கிளையைப் பிடிச்சு இழு, ஜினெத்."

வியாழக்கிழமை, குதிரைகள் மேயும் புல்வெளியின் வேலியோரம் நின்று நானும் என் கணவரும் பேசியது இவ்வளவுதான். கிளையைப் பிடித்து இழுத்தேன். இழுத்ததில் இலைகள் புரண்டன. அடிப்பக்கம் வெள்ளி பூசினதுபோல வெளுத்துக் கிடந்தது. காம்பெல்லாம் சிவப்பு. சர்க்கரை மேப்பிள் இலையின் ஓரம் வழவழவென்றிருக்கும், மடலுக்கும் மடலுக்கும் நடுவே கிண்ணம்போல வளைந்து இறங்கும். இந்த இலையின் ஓரம் முழுக்க ரம்பப் பல். நடுவில் கத்தியால் கீறினமாதிரி கூர்மையான வெட்டு. விழுந்து கிடந்தது சிவப்பு மேப்பிள். பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்செல்மின் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோப்புக்குள் யார் கையில் நீலப் பெயிண்ட் இருக்கிறதோ அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. எந்த மரம் நிற்கும், எது விழும் என்று அவர்தான் குறி போடுவார். அவர் தப்பே செய்தாலும் அங்கே வைத்துச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, சூப் குடித்து முடித்த பிறகுதான் சொல்லலாம். ரம்பம் ஓடும்போது ஒருவன் "வெட்டு" என்று கத்தி, இன்னொருவன் "வேண்டாம்" என்று கத்தியதில் அவருடைய பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

அன்று இரவும் சூப் குடித்தோம். நான் சொல்லவில்லை.

ஏனென்றால் இது ஒரு மரத்தைப் பற்றிய பேச்சாக நிற்காது. ஆரம்பித்தால் மார்ச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாகு காய்ச்சுவதற்கான சாறு இறக்க மரத்தில் துளை போடும்போது, போன வருஷத்துத் தழும்பிலிருந்து ஒரு கையகலமாவது தள்ளிப் போட வேண்டும். அவர் பதினாறு மரங்களில் தழும்பின் மேலேயே துளைத்திருந்தார். செத்த கட்டையில் சொட்டுக்கூட இறங்கவில்லை. "குளிர் விடலை, அதான்" என்றார். மே மாதம் நாற்றுப் பாத்தியில் களை எடுத்தபோது நல்ல சர்க்கரைக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாலையோரத்திலிருந்து விதை பறந்து வந்து முளைத்த நார்வே மேப்பிளை விட்டு வைத்திருந்தார். நார்வேயின் காம்பைக் கிள்ளினால் பால் வடியும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஜூலையில் ஒருநாள் கோடு போட்ட மேப்பிளின் முன் நின்றார். பச்சைத் தோலில் வெள்ளைக் கோடு ஓடும் மரம் அது. பீச் மரத்துக்குக் கோடே இல்லாத சாம்பல் தோல். எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைகூடச் சொல்லும். "இந்த பீச் மரத்தை யாரு இங்க விட்டு வச்சது?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அவர் வேடிக்கை பண்ணுவதுபோல. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் என்னை நேராகப் பார்ப்பதில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, காதால் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். மரப்பட்டையைத் தடவுகிறார். மொட்டை விரல் நுனியில் உருட்டிப் பார்க்கிறார். கூர்மையாகக் குத்தினால் சர்க்கரை, உருண்டையாக இருந்தால் சிவப்பு. பாசத்தோடு தொடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கேட்க வேண்டிய ஒன்றை மார்ச்சிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். ஒவ்வொரு காலையும் கேட்டுவிடலாம் என்றுதான் எழுந்திருப்பேன். அவர் கல்லிலிருந்து முதல் அடையை எடுத்து, வெண்ணெய் தடவி, என் தட்டில் போடுவார். கல்யாணமான மறுநாளிலிருந்து இப்படித்தான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, "உனக்குக் கண் தெரியலை" என்று எப்படிச் சொல்வது? மரத்தை அடையாளம் சொல்லத் தெரிந்தவர் என்பதுதானே அவர் பெயர். பக்கத்து ஊர்க்காரர்கள் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து அவரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமை காலை அவருடைய தம்பி உபால் வந்தான். பாகு காய்ச்சும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய கிழட்டு மேப்பிள் சாய்ந்து நிற்கிறது. பாதி உள்ளே உளுத்துவிட்டது. மத்தியானம் அதைச் சாய்ப்பதாக ஏற்பாடு. அன்செல்ம் வெட்டுவார், உபால் கீழே நின்று குதிரையை வைத்துக் கயிற்றை இழுப்பான். எங்கள் தோப்பில் டிராக்டர் விடுவதில்லை. அதன் கனம் மண்ணை இறுக்கி வேரைச் சாகடிக்கும்.

"அண்ணி, மத்தியானம் என் மண்டை மேல மரம் விழுந்தா, என் பங்குப் பாகு உனக்கே" என்றான் உபால், காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"வாயை மூடு."

"ஏன் இப்படி வெளுத்துப் போறே? அண்ணன் வெட்டினா மரம் அவர் சொன்ன இடத்துலதான் விழும். நம்ம ஊரு பாதிரியாரைக் கேட்டுப் பாரு."

அப்போதுதான் வெளியிலிருந்து அன்செல்ம் கூப்பிட்டார். பெர்லுக்குச் சேணம் பூட்டியிருந்தார். எங்கள் சாம்பல் நிறப் பெண் குதிரை. நாற்பது அடிகூட நடக்கவில்லை, நின்றுவிட்டாள். தலை தொங்கியது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. லாயத்துக்குள் கொண்டுபோனதும் வைக்கோலில் சிறுநீர் கழித்தாள். காப்பிக் கஷாயம்போலக் கறுப்பாக இருந்தது.

"நற்கருணைப் பேழையே!" என்றான் உபால். எங்கள் பக்கத்தில் பயம் வந்தாலும் கோபம் வந்தாலும் கோயில் சாமான்தான் வாயில் வரும்.

"திங்கட்கிழமை நோய்" என்றார் அன்செல்ம். "நேத்து முழுக்க ஓய்வு, வயிறு நிறைய ஓட்ஸ். இன்னைக்கு வேலைக்கு இறக்கினதும் தசை பிடிச்சுக்கிச்சு. அப்பா காலத்துக் குதிரைக்கெல்லாம் வந்திருக்கு."

நான் அவள் பின்தொடையை அழுத்திப் பார்த்தேன். திங்கட்கிழமை நோயில் தசை பலகைபோல இறுகும் என்பார்கள். மாவுபோல மெத்தென்று இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இல்லை. பழுப்பேறிக் கிடந்தது.

மருத்துவர் லெவேக்குக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தீவன டப்பா மேல் நிறுத்தினேன். அந்த அம்மா ஏதோ மாட்டுப் பண்ணையில் பிரசவம் பார்த்து முடித்து வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் மாடு கத்தியது.

"சிறுநீர் கறுப்பா? ஈறு என்ன நிறம்?"

"பழுப்பு" என்றேன்.

"சிவப்பு மேப்பிள் ஏதாவது வெட்டினீங்களா? வாடின இலையைத் தின்னுச்சா? பச்சையில அவ்வளவு இல்ல, வாடினாத்தான் விஷம். ரெண்டு மூணு வாய் போதும், ரத்தம் உள்ளேயே உடைஞ்சு போகும்."

"என் வேலியோரம் சிவப்பு ஒண்ணுகூடக் கிடையாது டாக்டர்" என்றார் அன்செல்ம். "வியாழக்கிழமை ஒண்ணு வெட்டினேன். சர்க்கரை. இலையைத் தின்னா வயிறு ஊதும், அவ்வளவுதான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"என்னையா கேக்குறீங்க?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "உங்களைப் போய்க் கேட்டேன் பாருங்க. சரி, நான் ஏன் கேக்குறேன்னா, சிவப்புன்னா ரத்தம் ஏத்தணும். அதுக்கு ரத்தம் குடுக்க வேற குதிரையைக் கூட்டிட்டு வரணும், அந்தப் பண்ணை எனக்கு எதிர்த்திசை. இப்பவே திரும்பினாத்தான் உண்டு. திங்கட்கிழமை நோய்னா நேரா வந்து வலி ஊசி போட்டுடுவேன். ஆனா அந்த ஊசியைச் சிவப்பு தின்ன குதிரைக்குப் போட்டா சிறுநீரகம் போயிடும். அதனால சொல்லுங்க. எந்தப் பக்கம் திரும்பட்டும்?"

"நேரா வாங்க" என்றார் அன்செல்ம்.

லாயத்துக் கதவு திறந்திருந்தது. வெளியே எங்கள் இன்னொரு குதிரை கஸ்தோர் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டியிருந்தான். வியாழக்கிழமை விழுந்த மரத்தின் கிளை ஒன்று அசைந்தது. பிறகு இன்னொரு தடவை அசைந்தது. கழுத்தை இழுத்துக்கொண்டபோது அவன் வாயின் ஓரத்தில் ஒரு சுருண்ட இலை தொங்கியது.

அன்செல்மும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நேராக.

"கஸ்தோர் என்ன பண்றான்?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவான்? சும்மா நிக்கிறான்."

உபால் தன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு வெளியே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் கையிலிருந்த காப்பி டம்ளர் மெதுவாகச் சாய்ந்து, காப்பி அவன் பூட்ஸில் கொட்டியது. அவனுக்கு அது தெரியவில்லை.

"டாக்டர்" என்றேன். "போனை வச்சுடாதீங்க. சிவப்பு மேப்பிள்தான். இலையை நான் பார்த்தேன். அடிப்பக்கம் வெள்ளை, ஓரம் ரம்பம். எதிர்த்திசையில திரும்புங்க. உபால், ஓடு! கஸ்தோரை வேலியை விட்டு இழுத்துக் கட்டு!"

உபால் ஓடினான். போனில் மருத்துவர் ஏதோ திட்டினார், வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெர்லுடைய மூச்சு மட்டும்தான், தேய்ந்த துருத்திபோல.

அன்செல்ம் அசையவில்லை. அவள் கழுத்தின் மேல் கையை வைத்திருந்தார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்தார்.

"வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கிளையை இழுத்தே?"

"இழுத்தேன்."

"ஏன் ஜினெத்?"

"அங்க வச்சுச் சொல்லக் கூடாதே."

"வீட்டுக்குத்தான் வந்தோமே. சூப் குடிச்சோமே."

பெர்லுடைய முன்னங்கால் ஒன்று மடங்கியது. இருவரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து முட்டினோம். எப்படியோ நின்றாள். அவள் வியர்வை என் சட்டையெல்லாம் ஒட்டியது. அவள் முதுகுக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் என் முகம். அவர் கண்கள் என் நெற்றிக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தன.

"மத்தியானம் அந்தச் சாய்ஞ்ச மரத்தை…" என்று ஆரம்பித்தார். "உபாலை எந்தப் பக்கம் நிக்கச் சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். அவன் எங்க நிக்கிறான்னு எனக்கு…"

அவர் கையைத் தேடிப் பிடித்தேன். குதிரையின் முதுகுக்குக் குறுக்கே, இறுக்கமாக.

"அன்செல்ம், கண் டாக்டர்கிட்ட என்கூட வா. அதுவரைக்கும் எந்த மரத்தையும் வெட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."