டீச்சருக்கு ஒரு தட்டு பாட் தாய்

டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்களுக்கு ஊரிலேயே ஒரே ஓர் இடத்தில்தான் வண்டியைப் பின்னால் எடுத்து ஒழுங்காக நிறுத்த வரும். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், தாய்லாந்து நூடுல்ஸ் கடை வாசலில். புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு யார் வந்தாலும் அன்றைய பாடம் அதுதான். கார் நின்றதும் டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குவார். அவர் உள்ளே புளியும் வேர்க்கடலையும் இறாலும் போட்டு நூடுல்ஸை வதக்கித் தரும் பாட் தாய் ஒரு தட்டு சாப்பிட்டு வரும்வரை படிக்க வந்தவர் கண்ணாடிகளைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினொரு வருடம் இப்படியே போனது. பிறகு டீச்சரின் சிறுநீரகங்கள் இரண்டும் பேசிவைத்துக்கொண்டது போல வேலையை நிறுத்தின. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். புதன் தப்பித்தது என்று டீச்சர் நினைத்தார். அப்போதுதான் மருத்துவமனையின் உணவு ஆலோசகர் ஒரு பட்டியலை நீட்டினார். உப்பு கூடாது. புளி, வேர்க்கடலை, மீன் சாறு, காய்ந்த இறால், முட்டையின் மஞ்சள் கரு எதுவும் கூடாது.

"என்ன, சமையல் குறிப்பு மாதிரி எழுதியிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

ஆலோசகருக்குப் புரியவில்லை.

டீச்சரின் கணவர் நில அளவையாளர். அதுவரை வெந்நீர் தவிர எதையும் அடுப்பில் வைத்ததில்லை. அவர் அரிசி நூடுல்ஸைத் தராசில் நிறுத்து, வேகவைத்து, வினிகரும் சர்க்கரையும் அளந்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஈரமா இருக்கு."

அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அளவை மாற்றிப் பார்த்தார்.

"போன வாரத்துக்கு இப்ப?"

"அதே ஈரம்."

ஆறாவது வாரம் டீச்சர் கடைக்கே போய்விட்டார். கடைக்காரரை எல்லோரும் வாணலி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"ஆளையே காணோமே டீச்சர். வேற கடைக்கு மாறிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"கிட்னி போயிடுச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

வாணலி அடுப்பைத் தணித்தார். கையைத் துடைத்துக்கொண்டு பட்டியலை வாங்கி நின்றபடியே வாசித்தார்.

"இதெல்லாம் இல்லாம மிச்சம் என்ன இருக்கு? தட்டுதான் இருக்கு."

"நூடுல்ஸ் இருக்கு. முட்டை வெள்ளை இருக்கு. பூண்டு இருக்கு."

"இதப் போய் பாட் தாய்னு நான் குடுத்தேன்னா, எனக்குச் சொல்லிக்குடுத்த அம்மா எந்திரிச்சு வந்து கரண்டியப் பிடுங்கிடுவாங்க."

"அவங்க தவறிட்டாங்களா?"

"இல்ல. உக்காந்துட்டு இருக்காங்க."

இருந்தாலும் அடுத்த புதன் ஒரு தட்டு செய்து வைத்தார். தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.

"சப்புனு இருக்கே டீச்சர்."

"எனக்கு ரெண்டு மாசமா எல்லாமே சப்புனுதான் இருக்கு. இதுல கொஞ்சம் பூண்டு தெரியுது."

வாணலிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. தன் வாயில் தெரியாத பூண்டு இன்னொருத்தர் வாயில் தெரிகிறது. ருசி பார்க்கிற நாக்கு ஒன்று, சாப்பிடுகிற நாக்கு வேறொன்று என்றால் எப்படிச் சமைப்பது? அன்று மாலையிலிருந்து அவர் உப்பை விட்டுவிட்டார். மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

உப்பை விட்டவர் கடைச் சமையலுக்கு ருசி பார்க்க முடியாது. அந்தப் பொறுப்பு கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் போனது. அவருக்கு உப்பென்றால் உயிர். அடுத்த மூன்று வாரமும் சாப்பிட வந்தவர்கள் நிறையத் தண்ணீர் குடித்தார்கள். எதிர் வங்கியில் வேலை பார்ப்பவர் மட்டும் தட்டைத் திருப்பி அனுப்பினார். முதல் வாரம் வாணலி எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். இரண்டாவது வாரம் பேச்சைக் குறைத்தார். மூன்றாவது வாரம், வெறும் முட்டைக்கோஸ் இனிக்கிறது என்றார். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குமேல் வேலை வேகமாக நடந்தது. புளிக்குப் பதிலாகச் சர்க்கரையை லேசாகக் கசக்கும்வரை கருக்கி, அதில் வினிகரும் எலுமிச்சைச் சாறும் விட்டார். நூடுல்ஸை ஈரம் போக, பெரிய தீயில் ஓரம் கருக வதக்கினார். வேர்க்கடலைக்குப் பதிலாக உப்பில்லாத பொரியை மிளகாய் எண்ணெயில் வறுத்தார். ஒவ்வொன்றுக்கும் டீச்சரின் கணவர் ஆலோசகருக்குப் போன் செய்து அனுமதி வாங்கினார்.

"பொரி ஒரு கைப்பிடி போடலாமா?"

"யார் கைப்பிடி?"

"என் மனைவி கைப்பிடி."

"போடலாம்."

புதன்கிழமை தட்டு வந்தது. டீச்சர் சாப்பிட்டார். வாணலி கரண்டியோடு நின்றார். கணவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"இது அது இல்ல," என்றார் டீச்சர்.

"இல்ல."

"கிட்டக்கூட வரல."

"தெரியும் டீச்சர்."

டீச்சர் மறுபடி முள்கரண்டியை எடுத்தார். தட்டு காலியாகும்வரை கீழே வைக்கவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிச் சாப்பிட்டார். பொரித் தூளை விரலால் ஒற்றி எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மிளகா," என்றார்.

"மிளகா கம்மியாத்தான் போட்டேன்."

"தெரியும்."

கணவர் எதையும் எழுதவில்லை.

அடுத்த புதன் வாணலி இரண்டு தட்டு கொண்டுவந்து, ஒன்றை டீச்சர் முன்னால் வைத்துவிட்டு, மற்றதோடு எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து டீச்சர் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

"பழைய பாட் தாய வாயில வைக்க முடியல. கடல் தண்ணி மாதிரி இருக்கு. இனிமே எல்லாத்துலயும் உப்பு பாதிதான்னு வீட்ல சொல்லிட்டேன்."

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"இன்னும் பேசல."

பக்கத்தில் கணவர் மெனு அட்டையை நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் எட்டே வரிகள்தான்.

"உங்களுக்கு அந்தப் பழசுதானே வேணும்? சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"இல்லம்மா, நீ சாப்புட முடியாதத நான் எப்படி..."

"வீட்ல நான் திரும்புறப்ப உங்க தட்டுல உப்பு போட்டுக்கறீங்க. எனக்குத் தெரியாதா?"

கணவர் பழைய பாட் தாயை வரவழைத்தார். இறால், கடலை, புளி எல்லாம் போட்டு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

"சுமாரா இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"ரொம்ப நல்லா இருக்கு."

"இருக்கும்," என்றார் டீச்சர். கணவர் தட்டில் இருந்த ஓர் இறாலைத் தன் முள்கரண்டியின் முனையால் திருப்பி, அது எப்படி வெந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, தன் தட்டுக்குத் திரும்பினார்.