வலது தோள்

சுகந்தினிக்குப் பதினொரு வருடங்களாக மாதவிடாய் நாட்களில் வயிற்றுவலி. புலம்பெயர்ந்து வந்து வாழும் ஒனிஹங்காவில் அவள் பார்த்த மூன்று டாக்டர்களும் மூன்று காரணம் சொன்னார்கள். ஒருவர் குடல் என்றார், ஒருவர் மன அழுத்தம் என்றார், மூன்றாமவர் சில பெண்களுக்கு அப்படித்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. வலது தோளிலும் ஒரு வலி வந்துபோகும். கணினி வேலையால் வருவது என்று அதற்கு பிசியோவிடம் அனுப்பினார்கள்.

அவளுடைய மனைவி ராஜ்னி பிஜியிலிருந்து வந்தவள், எலக்ட்ரீசியன். எந்த வீட்டில் மின்சாரம் நின்றாலும் அவள் முதலில் கேட்பது, எப்போது நிற்கிறது, அதோடு வேறு என்ன நிற்கிறது என்பதைத்தான். ஒருநாள் அதே கேள்வியைத் தோளைப் பற்றியும் கேட்டாள். சுகந்தினி நாட்காட்டியை எடுத்தாள். ஐந்து மாதம் இருவரும் தேதி குறித்தார்கள். மாதவிடாய் தொடங்கிய மறுநாள் தோள் நொந்தது, ஐந்து மாதமும்.

அந்தத் தேதிகளைப் பார்த்த பெண் மருத்துவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கருப்பைக்குள் இருக்கவேண்டிய திசு மாதிரி ஒன்று வெளியே வளர்வதுண்டு, எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர், அரிதாக அது நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் வரை போகும், அங்கே வலித்தால் தோளில்தான் தெரியும் என்றார். அறுவை சிகிச்சைக்கு எட்டு மாதம் காத்திருக்கவேண்டும்.

அதே நகரின் எப்சம் பகுதியில் இருந்த அம்மா சரோஜாதேவிக்கு அது பொறுக்கவில்லை. கொழும்பில் அவருடைய தம்பி மகன் டாக்டர். அவன் மூலம் அங்கே இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார் அம்மா.

"அங்க ராஜ்னி எனக்கு ஆர், அம்மா?" என்று கேட்டாள் சுகந்தினி.

"கூட்டாளி எண்டு சொல்லுவம்."

"இஞ்ச சட்டப்படி அவ என்ர மனிசி. எனக்கு ஏதும் நடந்தா டாக்டர் அவவோடதான் கதைக்கோணும். நான் இஞ்சயே நிக்கிறன்."

கல்யாணம் நடந்து ஆறு வருடம் ஆகியும் அம்மா அந்தப் பதிவுப் பத்திரத்தைப் பார்த்ததில்லை. அன்று கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆணும் பெண்ணும் கட்டினாலும் இதே பத்திரம்தானா என்று கேட்டார். அதேதான் என்றாள் சுகந்தினி. அதன்பின் அவர் கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை.

எட்டு மாதம் பத்தாகியது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, இணையர் யார் என்று கேட்டார். அம்மா ராஜ்னியின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். உதரவிதானத்தின் வலப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக இருந்ததாம், எடுத்துவிட்டார்களாம். திரும்ப வராது என்று உறுதி சொல்லவில்லை.

மாலையில் சுகந்தினி கண்விழித்திருக்க, அம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து மெதுவாகச் சொன்னார்:

"எனக்கும் மாசாமாசம் தோள் நொந்தது, பிள்ளை. தண்ணி அள்ளுறதாலை எண்டுதான் நினைச்சன்."

தமிழ் தெரியாத ராஜ்னிக்குத் தோள் என்ற சொல் மட்டும் புரிந்தது. அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சுகந்தினி சொன்னாள். ராஜ்னி நாற்காலியை நகர்த்தி மாமியாருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். எந்தப் பக்கத் தோள், எத்தனை வயதில் தொடங்கியது என்று கேட்கச் சொன்னாள்.

சரோஜாதேவி இதுவரை யாரும் கேட்காததை யோசித்துப் பார்த்தார்.

"வலது," என்றார். "பதினேழு வயசிருக்கும்."