சபினோ அடித்த ஆணி

ஏப்ரலில் பீப்பாயின் துளையை அடைத்த மர முளையைப் பிடுங்கினேன். போன அக்டோபரில் பிழிந்து புளிக்கவிட்ட ஆப்பிள் சைடர். கிறிஸ்துமஸுக்கு முன்பே என் கணவர் சபினோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கைபட்ட கடைசிப் பீப்பாய் இது.

முதல் கிளாசைப் பக்கத்துப் பண்ணை ஃபாலோவுக்குக் கொடுத்தேன். பொன்னிறமாக இறங்கியது. அவன் கிளாசைப் பிடித்தபடி தன் பசுவின் மடிவீக்கத்தைப் பற்றிப் பேசினான். பேசி முடித்தபோது கிளாசில் இருந்தது கறுத்துவிட்டிருந்தது.

"உள்ள காத்து புகுந்திருச்சு. வினிகருக்கு விட்டுடு, செல்மிரா."

"காத்து புகுந்திருந்தா வரும்போதே பழுப்பா வந்திருக்கும். இது வெளிய வந்தப்புறம்தான் கறுக்குது. இரும்பு பட்டிருக்கு."

அந்தக் கிளாசில் எலுமிச்சை பிழிந்தேன். இரும்புக் கறை வெளிறுவதுபோலவே கறுப்பு மெல்ல வெளிறியது.

"சபினோ வீட்டுல இரும்பா? என் பேனாக்கத்தியையே வாசல்ல வாங்கி வெச்சுக்குவானே, அந்த மனுஷன்."

உண்மைதான். ஆப்பிளை மர உலக்கையால்தான் இடிக்க விடுவார். இடிக்கும்போது சுருதி சேராமல் பாடுவார். அக்டோபர் முழுக்க அவர் தலைமுடியில் ஆப்பிள் மணக்கும்.

ஆப்பிள் பிழியும் மரச்செக்கைப் போய்ப் பார்த்தோம். தட்டில் பலகை விரிசல் விட்ட இடத்தில், மர ஆணி இருக்க வேண்டிய துளையில், ஓர் இரும்பு ஆணித்தலை. அதைச் சுற்றி மை சிந்தியது போல் ஒரு வட்டம். மேலே விட்டத்தில் பாதி சீவிய மர ஆணிகள் கிடந்தன. எல்லாமே கோணல்.

அந்த அக்டோபரில் அவர் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை; சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். ஆணியைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை.

ஃபாலோ தொண்டையைச் செருமினான். "ஞாயித்துக்கிழமை புது சைடர் குடிக்க ஊரே வருது. கறுத்த சைடர் குடுத்தா, செத்தும் அவனுக்குக் கெட்ட பேரு. கீழ ஊத்திடு."

"கிளாசைக் கையில வெச்சுக்கிட்டு மாட்டுக்கதை பேசுறது இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான். மத்தவங்க பிடிச்ச கையோட குடிச்சிருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பீப்பாயிலிருந்து பீறிட்டதைக் கிளாசின் விளிம்பில் ஏந்தி, ஒரே மடக்கில் குடித்து, வழக்கப்படி அடியில் கொஞ்சம் விட்டுத் தரையில் கொட்டினார்கள். பொன்னிறமாகவே போனது.

"சபினோவோடதுதான், சந்தேகமே இல்ல" என்றார் ஒருவர்.

ஃபாலோ கிளாசை ஏந்திக்கொண்டு பேச வாயைத் திறந்தான்.

"முதல்ல குடி" என்றேன்.

குடித்தான்.

எல்லோரும் போன பிறகு துடைப்பத்தை எடுத்துவந்தேன். தரையில் சிந்தியதெல்லாம் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்குக் கழுவவில்லை.